‘டைம்’ என்பதற்கு ஸ்பானியத்தில் என்ன?

கிருஷ்ணகிரியை அடுத்த மாங்கூழ் தொழிற்சாலை ஒன்றின் ஏற்றுமதிப் பிரிவில், கப்பலேறும் சரக்குக்கு வேண்டிய காகிதங்களைத் தயார்செய்வது என் வேலை. ஊரில் யாரும் மாங்கூழ் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. பல்ப் பேக்டரி என்றால்தான் ஆட்டோக்காரருக்கே வழி தெரியும். மே மாதம் தொடங்கி ஜூலை முடியும்வரை, பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கும் நாள்களில்தான் வெளிநாட்டுக் கடிதங்களும் வந்து குவியும். அப்படிப்பட்ட ஒரு ஜூன் மாதத்தில், ஸ்பெயின் நாட்டுக் கொள்முதல் நிறுவனம் ஒன்று எங்கள் சரக்கின் விவரத்தாளை ஸ்பானிய மொழியில் கேட்டது. ஓராண்டாக மாலை வேளைகளில் நான் ஸ்பானியம் படித்துவந்ததை அறிந்திருந்த மேலாளர், வெளியில் கொடுத்து வாங்க வேண்டாம், நீங்களே முடித்துவிடுங்கள் என்று அந்தத் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அதில் ‘லீட் டைம், 21 நாள்’ என்றொரு வரி இருந்தது. ஆர்டர் உறுதியான நாளிலிருந்து சரக்கு ஆலையை விட்டுப் புறப்படும் நாள்வரை ஆகும் இடைவெளிக்கு வணிகத்தில் வழங்கும் பெயர் அது. கணினி தந்த மொழிபெயர்ப்பில் அதற்கு நேராக ‘தியெம்போ தெ பிளோமோ’ என்று இருந்தது. தியெம்போ என்றால் டைம் என்பது முதல் மாதப் பாடத்திலேயே வந்துவிட்ட சொல். அது சரியாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு அடுத்த வரிக்கு நகர்ந்துவிட்டேன். பிளோமோ என்றால் ஈயம். முன்னே செல்வதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் ஈயத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் உச்சரிப்பு வேறாக இருந்தாலும் எழுத்து ஒன்றே என்பதால், கணினி இரண்டாவதை எடுத்துக்கொண்டுவிட்டது. மாங்கூழில் ஈயம் எத்தனை நுண்ணளவு இருக்கிறது என்று ஆய்வகச் சான்று கேட்டு வாங்கும் ஒருவருக்கு, ‘ஈயக் காலம், 21 நாள்’ என்று நாங்கள் முத்திரை குத்தி அனுப்பியிருந்தோம்.

மறுமொழி மிகுந்த மரியாதையோடு வந்தது. அந்த நிறுவனத்துப் பெண் அதிகாரி, இந்த வரியில் நீங்கள் குறிப்பிட விரும்பியது ‘பிளாஸோ தெ எந்த்ரேகா’வாக இருக்கலாமா என்று மட்டும் கேட்டிருந்தார். ஈயத்தைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. அலுவலகத்தில் அடுத்த ஒரு வாரம் என்னை எல்லோரும் ஈயம் பூசுகிறவர் என்றே அழைத்தார்கள் என்பது தனிக்கதை.

சிரித்து முடித்த பிறகு எனக்கு உறுத்தியது வேறொன்று. அவர் திருத்தித் தந்த வரியில் பிளோமோ மட்டுமல்ல, தியெம்போவும் இல்லை. நான் சரிபார்த்து ஒப்புக்கொண்ட அந்த ஒரு சொல்லும் காணாமற்போயிருந்தது. லத்தீன் அமெரிக்க வணிகர்கள் ‘தியெம்போ தெ எந்த்ரேகா’ என்றும் தாராளமாக எழுதுகிறார்கள் என்பதால் தியெம்போவைப் பிழை என்று தள்ளிவிட முடியாது. ஆனாலும் ஸ்பெயின்காரர் கைக்கு முதலில் வரும் சொல் பிளாஸோதான். அகராதியைப் புரட்டினால் பிளாஸோ என்பதற்குக் குறித்த கெடு என்று ஒரு பொருள் இருந்தது. அதற்குக் கீழே, ‘ஆ பிளாஸோஸ்’ என்றால் தவணை முறையில் பணம் கட்டுவது என்றும் இருந்தது. ‘எனக்கு ஒரு மாதத் தவணை கொடுங்கள்’ என்பதில் கெடுவாகவும், ‘வண்டியைத் தவணையில் எடுத்தேன்’ என்பதில் பகுதிபகுதியாகக் கட்டும் பணமாகவும் நம் ‘தவணை’ இரட்டை வேலை செய்கிறதல்லவா, பிளாஸோவும் அதே இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஆங்கிலத்தில் நின்றுகொண்டு தேடியபோது கிடைக்காத சொல், தமிழில் ‘தவணை’ என்று நினைத்திருந்தால் அகராதியில் நேராகக் கைக்கு வந்திருக்கும்.

அன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ‘டைம்’ என்று எழுதி, அந்தச் சொல் வரும் ஆங்கிலத் தொடர்களை ஒவ்வொன்றாக ஸ்பானியத்துக்குக் கொண்டுபோகத் தொடங்கினேன். ஒரு மாதத்தில் முடியும் என்று நினைத்தது இரண்டு மாம்பழப் பருவத்தைக் கடந்துவிட்டது. இந்த வேலையில் நான் கண்டுகொண்ட ஒரே வழியைத்தான் இங்கே எழுத வந்தேன்: டைம் என்ற சொல்லை ஆங்கிலத்திலிருந்து நேரே ஸ்பானியத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது, இந்த இடத்தில் இதைத் தமிழில் எப்படிச் சொல்வேன் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். நேரம், காலம், மணி, முறை, தடவை, மடங்கு, வேளை, பொழுது, தவணை, பருவம் என்று தமிழ் தனித்தனிப் பாத்திரத்தில் எடுத்துவைத்திருப்பதை ஆங்கிலம் ஒரே அண்டாவில் கொட்டிவைத்திருக்கிறது. ஸ்பானியமும் ஏறக்குறைய நம்மைப் போலப் பிரித்து வைத்துக்கொள்ளும் மொழி.

தொடர்வதற்கு முன் உச்சரிப்பைப் பற்றி ஒரு சொல். ஸ்பானியத்தின் தகரம் ஆங்கிலத்தைப் போல அண்ணத்தில் தட்டும் ‘ட’ அல்ல. பல்லில் படும் நம் ‘த’. ஆகவே ‘டியெம்போ’ என்று எழுதுவதைவிடத் ‘தியெம்போ’ என்பதே காதுக்கு நெருக்கம். ‘வெஸ்’ என்று நான் எழுதப்போகும் சொல்லின் முதல் ஒலி, பந்து என்பதில் வரும் பகரத்துக்குப் பக்கத்தில் நிற்பது. மணியைக் குறிக்கும் ஓரா என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலில் முன்னால் ஒரு ஹகரம் உண்டு. அதை யாரும் ஒலிப்பதில்லை.

அந்த வெஸ் என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் தமிழரைத் தவிர வேறு யாருக்கும் இது இவ்வளவு எளிதாக வாய்க்காது என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. முதல் தடவை, அடுத்த தடவை, ஒவ்வொரு தடவையும் என்று நாம் சொல்லும் இடங்களில் ஆங்கிலம் டைம் என்கிறது. ஸ்பானியத்தில் அங்கே தியெம்போ வரவே வராது. ‘போர் பிரிமேரா வெஸ்’ என்றால் முதல்முறையாக. ‘காதா வெஸ்’ என்றால் ஒவ்வொரு முறையும். பன்மையில் இது வெசெஸ் ஆகும்: மருந்துச் சீட்டில் ‘திரேஸ் வெசெஸ் அல் தியா’ என்றிருந்தால் நாளுக்கு மூன்று வேளை. ‘ஆ வெசெஸ்’ என்றால் சில சமயம். ‘ஓத்ரா வெஸ்’, அதாவது மற்றொரு முறை, மறுபடியும் என்பதற்கான சாதாரணச் சொல். நாமும் மறுமுறை என்கிறோம். ‘தெ வெஸ் என் குவாந்தோ’ என்றால் அவ்வப்போது.

வெஸ் பிறந்தது மாற்றம், மாறி வரும் வரிசை என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல்லிலிருந்து. ஸ்பெயினில் மீன்கடையிலோ இறைச்சிக்கடையிலோ கூட்டமாக இருந்தால், புதிதாக வருகிறவர் கடைசியாக நிற்பது யார் என்று கேட்டு, அவருக்குப் பின் தன் இடத்தை உறுதிசெய்துகொள்வார். அதற்குப் பெயர் ‘பெதீர் லா வெஸ்’, தன் முறையைக் கேட்டு வாங்குவது. நம் ‘முறை’யும் அப்படியே: ‘இரண்டு முறை சொன்னேன்’ என்பதில் எண்ணிக்கை, ‘இது என் முறை’ என்பதில் வரிசை. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் இரண்டு வெவ்வேறு சொற்கள் தேவைப்படுகின்றன. ‘என் வெஸ் தெ’ என்றால் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று. பெங்களூராவுக்குப் பதிலாக அல்போன்சா அனுப்புவதாக ஒருவர் எழுதும்போது, ஒன்றின் முறையில் மற்றொன்று வந்து நிற்கிறது என்று எனக்கு ஒரு படம் தோன்றும். அதற்குப் பிறகு அந்தத் தொடர் மறந்ததில்லை.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஒரு தடவை என்பதற்கு ‘ஒன்ஸ்’ என்ற சொல் இருக்கிறது. அதே எழுத்துகள் ஸ்பானியத்தில் ‘ஒன்ஸே’ என்று ஒலித்து 11 என்ற எண்ணைக் குறிக்கும். ‘ஒருமுறை கழுவியது’ என்று எழுத நினைத்து ஆங்கிலச் சொல்லை அப்படியே விட்டுவிட்டால், படிப்பவருக்குப் பதினொன்று என்றுதான் கண்ணில் படும். சிலி நாட்டில் மாலைத் தேநீருக்கும் சிற்றுண்டிக்கும் ‘ஒன்ஸே’ என்றே பெயர் என்பது கூடுதல் குழப்பம்.

பெருக்கல் வாய்பாட்டில் வரும் ‘டைம்ஸ்’ கதை வேறு. ‘ஈரைந்து பத்து’ என்று பாடும்போது நமக்கு நடுவில் எந்தச் சொல்லும் வேண்டியதில்லை. ஸ்பானியர் ‘தோஸ் போர் சின்கோ, தியெஸ்’ என்பார்கள்; ‘போர்’ என்பது வெறும் இடைச்சொல். மடங்கு என்னும் இடத்தில் மீண்டும் வெசெஸ் வரும். ஆனால் ‘மூன்று மடங்கு’ என்பதற்கும் ‘மூன்று மடங்கு அதிகம்’ என்பதற்கும் வேறுபாடு உண்டா இல்லையா என்று நம் ஊர் மண்டியில் எழும் சண்டை ஸ்பானியத்திலும் எழும் என்பதால், ஆர்டர் அளவை எழுதும்போது ‘எல் திரிப்ளே’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதுதான் பாதுகாப்பு. பணம் சம்பந்தப்பட்ட வரியில் நயம் பார்க்கக் கூடாது.

இனி மணி. தமிழில் மணி என்ன என்று கேட்கிறோம். அடிக்கும் மணியே நேரத்தின் அளவாகிவிட்டது. ஸ்பானியர் ‘கே ஓரா எஸ்’ என்பார்கள்; எந்த மணி என்று பொருள். இங்கும் தியெம்போவுக்கு இடமில்லை. மறுமொழி ‘சோன் லாஸ் திரேஸ்’, மூன்று மணி. ஒரு மணிக்கு மட்டும் ஒருமையில் ‘எஸ் லா உனா’. மூன்றரை என்பதை ‘திரேஸ் இ மேதியா’, மூன்றும் பாதியும், என்று சொல்வார்கள். மூன்றோடு அரையைச் சேர்த்து மூன்றரை என்னும் நமக்கு இது வீட்டுக் கணக்கு. மூன்றேமுக்காலில்தான் வழி பிரிகிறது: நாம் மூன்றோடு முக்காலைக் கூட்டுகிறோம், ஸ்பெயினில் ‘குவாத்ரோ மேனோஸ் குவார்த்தோ’ என்று நான்கிலிருந்து காலைக் கழிக்கிறார்கள்.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் நின்றால் இந்தக் கேள்வியை மூன்று நான்கு விதமாகக் கேட்கலாம். ஓசூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களில் கன்னடம் பேசுகிறவர் ‘டைம் எஷ்டு’ என்பார். தெலுங்கு பேசுகிறவர் ‘டைம் எந்த’ என்பார். இரண்டும் எவ்வளவு என்று அளவைக் கேட்பவை. நம்மில் பாதிப் பேர் ‘டைம் என்ன’ என்றுதான் கேட்கிறோம். ஆங்கிலச் சொல் ஒன்றே இத்தனை மொழிகளிலும் புகுந்துவிட்டதால், அது எல்லா இடத்துக்கும் பொருந்தும் சொல் என்ற மயக்கம் நமக்கு வந்துவிடுகிறது. ஸ்பானியம் படிக்கத் தொடங்கிய முதல் மாதங்களில் நான் நினைத்தது தமிழில் அல்ல, இந்தப் பேருந்து நிலையத் தமிழில். என் முதல் பிழைகள் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவை.

தமிழும் எப்போதும் கைகொடுக்காது. நேரம் என்ற நம் சொல் ஓராவையும் தியெம்போவையும் ஒருசேர ஏற்றுக்கொள்கிறது. ‘சாப்பிடுகிற நேரம் ஆயிற்று’ என்பது ‘எஸ் ஓரா தெ கொமேர்’. ‘சாப்பிட நேரம் இல்லை’ என்பது ‘நோ தெங்கோ தியெம்போ பாரா கொமேர்’. இரண்டிலும் நாம் நேரம் என்றே சொல்வதால் இங்கே தமிழைக் கேட்டாலும் விடை கிடைக்காது. பல நாள் தடுமாறிய பிறகு ஒரு சோதனையைக் கண்டுபிடித்தேன். நேரம் என்பதை எடுத்துவிட்டு வேளை என்று போட்டுப் பார்க்க வேண்டும், பொருந்தினால் ஓரா. அவகாசம் என்று போட்டுப் பார்க்க வேண்டும், பொருந்தினால் தியெம்போ. ‘சாப்பிடுகிற வேளை ஆயிற்று’ என்று சொல்லலாம். ‘சாப்பிடுகிற அவகாசம் ஆயிற்று’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். ‘சாப்பிட அவகாசம் இல்லை’ என்பது நன்றாகவே இருக்கிறது. இந்தச் சோதனை இதுவரை என்னை ஏமாற்றியதில்லை. ஒருவர் தாமதமாக வந்தால் ஆங்கிலத்தில் எரிச்சலோடு சொல்லும் ‘இட்ஸ் அபவுட் டைம்’ என்பதும் இதே வழியில் ஓராவுக்குத்தான் போகிறது: ‘யா ஏரா ஓரா’, இப்போதாவது வேளை வந்ததே.

தியெம்போவின் சொந்த வீடு காலம். இலக்கணத்தில் வினையின் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று நாம் சொல்வதை ஸ்பானியரும் வினையின் தியெம்போ என்றே சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்குத் தனிச்சொல். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ‘எங்கள் காலத்தில் ஒரு கூடை மாங்காய் என்ன விலை தெரியுமா’ என்று ஆரம்பிப்பதை, ஸ்பெயின் நாட்டுப் பெரியவர்கள் ‘என் மிஸ் தியெம்போஸ்’ என்று பன்மையில் ஆரம்பிக்கிறார்கள். குரலின் ஏற்ற இறக்கம்கூட ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். மாம்பழக் காலம் என்பதற்கு மட்டும் தியெம்போவை விட்டுவிட்டு, ‘தெம்போராதா’ என்று பருவத்துக்குரிய சொல்லைப் போடுவது நல்லது.

தியெம்போவுக்கு மற்றொரு பொருளும் உண்டு, வானிலை. ‘கே தியெம்போ ஆசே’ என்று யாராவது கேட்டால் மணியைப் பார்க்கக் கூடாது, வானத்தைப் பார்க்க வேண்டும். மழைக்காலம், பனிக்காலம் என்று காலத்தையும் வானிலையையும் ஒட்டவைத்துப் பேசும் நமக்கு இது அத்தனை அந்நியமில்லை. இருந்தும் நான் இதில் வழுக்கினேன். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் சாலையில் போய்ச் சென்னைத் துறைமுகத்தில் ஏறிய கன்டெய்னர் ஒன்று, ஸ்பெயினுக்குப் போய்ச்சேரச் சில நாள் தாமதமாயிற்று. வந்த மின்னஞ்சலில் காரணம் ‘போர் மால் தியெம்போ’ என்றிருந்தது. ‘மால்’ என்றால் கெட்ட. கெட்ட நேரத்தால் கப்பல் தாமதம் என்று படித்துவிட்டு, வெள்ளைக்காரர்களும் இப்படியெல்லாம் எழுதுவார்களா என்று வியந்து மேலாளரிடமே சொல்லிவிட்டேன். அவர் அதை நம்பியும்விட்டார். கடலில் வானிலை சரியில்லை என்பது அரைமணி கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நாம் சொல்லும் கெட்ட நேரத்துக்கு ஸ்பானியத்தில் வேறு சொல் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

காலத்தைப் பொருளாகப் பாவிக்கும் தொடர்களில் மூன்று மொழிகளும் அவரவர் குணத்தைக் காட்டிவிடுகின்றன. ஆங்கிலம் நேரத்தைப் பணம் போலச் செலவழிக்கும், ஸ்பானியம் ‘பாசார்’ என்ற வினையால் அதைக் கடத்தும், நாம் கழிப்போம். பணத்தைச் செலவழிப்பதற்கான ‘காஸ்தார்’ என்ற வினையை நேரத்துக்குப் போட்டால், வீணடித்த வாடை வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையைக் குடும்பத்தோடு செலவழித்தேன் என்று எழுத நினைத்துக் காஸ்தாரைப் போட்டவர், அந்த நாளை வெட்டியாகப் போக்கியதாகச் சொன்னவர் ஆவார். பொழுதைப் போக்குவதால் பொழுதுபோக்கு. தியெம்போவைப் ‘பாசா’ செய்வதால் ‘பாசாதியெம்போ’. பேருந்துப் பயணத்தில் கடலை விற்பவர் கூவும் டைம்பாஸும் அதே குடும்பம்தான். ஆங்கிலத்தைப் போல நேரத்தைக் கொல்லவும் ஸ்பானியருக்குத் தெரியும், ‘மாதார் எல் தியெம்போ’. தமிழில் நாம் அதை ஓட்டுகிறோம், தள்ளுகிறோம், உயிரை மட்டும் எடுப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நேரம் பணம் என்று ஆங்கிலத்தில் சொல்லும் பழமொழிக்கு, ஸ்பானியத்தில் ‘எல் தியெம்போ எஸ் ஓரோ’ என்கிறார்கள். ஓரோ என்றால் பணமில்லை, பொன். ‘காலம் பொன் போன்றது’ என்று பள்ளிச்சுவரில் படித்து வளர்ந்த நாம், ஆங்கிலப் பழமொழியை நேராகப் பெயர்த்து அதில் பணத்தைப் போட்டால், ஸ்பானியர் புரிந்துகொள்வாரே தவிர, அயலான் பேச்சு என்றும் உணர்ந்துகொள்வார். மணிக்கான ஓராவும் பொன்னுக்கான ஓரோவும் ஓர் உயிரெழுத்தில்தான் வேறுபடுகின்றன என்பதால், இதை மனப்பாடம் செய்யத் தனி முயற்சி வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் டைம் இருந்தாலும், தமிழிலும் ஸ்பானியத்திலும் காலமே இல்லாத தொடர்கள் சில உண்டு. அசெப்டிக் பையில், அதாவது கிருமி நீக்கிய பையில், நிரப்பிய கூழ் டிரம் ஒன்றுக்கு 215 கிலோ. அவற்றை இறக்கும்போது ‘ஒன் அட் எ டைம்’ என்று ஆங்கிலத் தாளில் குறிப்பு இருக்கும். தமிழில் ஒவ்வொன்றாக, ஸ்பானியத்தில் ‘தெ உனோ என் உனோ’. இரண்டிலும் எண் மட்டும்தான். ‘அட் ஆல் டைம்ஸ்’ மூடியே இருக்க வேண்டும் என்பதற்கு ‘என் தோதோ மொமென்தோ’, எந்தக் கணத்திலும். இப்போதைக்கு என்பதும் அதே சொல்லால் ‘போர் எல் மொமென்தோ’. கண்மூடித் திறப்பதற்குள் என்று நாம் சொல்வதை, சொல்லுக்குச் சொல் அப்படியே ‘என் உன் அப்ரீர் இ செர்ரார் தெ ஓஹோஸ்’ என்பார்கள். அப்ரீர் திறத்தல், செர்ரார் மூடுதல், ஓஹோஸ் கண்கள். அவர்கள் முதலில் திறந்துவிட்டுப் பிறகு மூடுகிறார்கள், அவ்வளவுதான். அதற்கே ‘சாந்தியாமென்’ என்றொரு சொல்லும் உண்டு. தேவாலயத்தில் சிலுவைக்குறி போடும்போது சொல்லும் லத்தீன் செபத்தின் கடைசிச் சொற்களை வேகமாகச் சொல்லி முடிக்கும் நேரத்துக்குள் என்பது அதன் கருத்து. ஆங்கிலத்தில் சிறையிலிருப்பதை ‘டூயிங் டைம்’ என்பார்கள். ஸ்பானியத்தில் தண்டனையை நிறைவேற்றுவது என்று நேராகச் சொல்லிவிடுகிறார்கள், நாம் கம்பி எண்ண வைத்துவிடுகிறோம்.

கதை சொல்லத் தொடங்கும்போது ஆங்கிலம் ‘ஒன்ஸ் அபான் எ டைம்’ என்று காலத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஸ்பானியத்தில் ‘ஏராசே உனா வெஸ்’, முன்னொரு முறை. நாமோ ‘ஒரே ஒரு ஊரிலே’ என்று காலத்தை விட்டுவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்கிறோம். இந்த ஓரிடத்தில் தமிழைக் கேட்டுவிட்டு ஸ்பானியத்துக்குப் போவது என்ற என் வழி சுத்தமாகப் படுத்துவிட்டது. மனப்பாடம்தான்.

தொலைபேசியில் பேசுவதற்கு நேரம் குறிக்கும்போது மற்றொரு சிக்கல் வரும். ஸ்பெயினின் கோடைக்காலக் கணக்கில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம்; குளிர்காலத்தில் நான்கரை. ஆனால் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டால் மட்டும் போதாது. அவர்கள் ‘மேதியோதியா’ என்று சொல்லும் நண்பகல், பன்னிரண்டு மணியோடு முடிவதில்லை. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான் என்பதால் அதுவரை நீண்டு கிடக்கும். நண்பகலில் அழைக்கிறேன் என்றவருக்காக மாலை மூன்றரை மணிக்கே தயாராகி உட்கார்ந்த நான், அழைப்பு வரும்போது ஐந்தே கால் ஆகியிருந்ததைப் பார்த்தேன். மெக்சிகோக்காரர்களோடு பேசுகிறவர்கள் ‘அஓரித்தா’ என்ற சொல்லைக் கற்றுக்கொள்ள வேண்டும். இப்போது என்பதன் செல்லக் குறுக்கம் அது. ‘இதோ வந்துவிட்டேன்’ என்று சொல்லிவிட்டுக் காவேரிப்பட்டணத்திலிருந்து அப்போதுதான் புறப்படும் லாரி ஓட்டுநரின் ‘இதோ’வுக்கு இதைவிடச் சரியான சொல் ஸ்பானியத்தில் இல்லை.

ஓராவைப் பற்றி ஒன்று மிச்சம் இருக்கிறது. அது கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக ஸ்பானியத்துக்கு வந்த சொல். அதே கிரேக்கச் சொல் கிழக்கே பயணப்பட்டு, சோதிட நூல்கள் வழியாகச் சமஸ்கிருதத்தில் ஹோரா ஆயிற்று என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும் செய்தி. பகலும் இரவும் சேர்ந்த அகோராத்திரம் என்ற சொல்லின் முதலெழுத்தும் கடையெழுத்தும் உதிர்ந்து அது பிறந்தது என்று சிலர் கருதுவதாகப் பழங்காலச் சோதிட அறிஞர் வராகமிகிரர் எழுதியிருக்கிறார். சொற்பிறப்பில் விளையாடும் ஆசை அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறது. தமிழில் அதுவே ஓரை. எங்கள் வீட்டு நாள்காட்டியில் குரு ஓரை, சுக்கிர ஓரை என்று அம்மா தினமும் பார்க்கும் அந்தச் சொல்லும், நான் கடிதத்தில் எழுதும் ஓராவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரிந்த அன்று, ராகு காலம் முடியும்வரை வீட்டிலேயே உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

நாம் சொல்லும் நல்ல நேரமும் கெட்ட நேரமும் ஸ்பானியத்தில் தியெம்போவில் இல்லை, ஓராவில்தான் இருக்கின்றன. ‘என் மாலா ஓரா’ என்றால் கெட்ட நேரத்தில். கெட்ட நேரத்தில் அந்த வண்டியை வாங்கித் தொலைத்தேன் என்று புலம்புவதற்கு அப்படியே பயன்படும். இதற்கு எதிர்ப்பக்கம் ‘என் ஓரா புவேனா’, நல்ல நேரத்தில். இந்த மூன்று சொற்களும் ஒட்டி ஒரே சொல்லாகி, ‘எனோராபுவேனா’ என்று இன்று ஸ்பெயினில் வாழ்த்துச் சொல்லாக வழங்குகிறது. திருமணம், குழந்தை பிறப்பு, தேர்வில் வெற்றி எதுவானாலும் எனோராபுவேனா. ஆங்கிலத்தின் டைம் எந்த நாளும் போய்ச்சேராத இடம் இது.

சென்ற ஆவணி மாதத்தில் தம்பியின் திருமணத்துக்காக ஒரு வாரம் விடுப்பு எடுத்தேன். சரக்குக் காகிதங்கள் சில நாள் தாமதமாகும் என்று அந்த ஸ்பெயின் அதிகாரிக்கு, பிளாஸோ என்ற சொல்லைச் சரியான இடத்தில் போட்டு, கடிதம் எழுதியிருந்தேன். அவரிடமிருந்து ஒற்றைச் சொல்லில் மறுமொழி வந்தது. பந்தலில் பாத்திரம் எண்ணிக்கொண்டிருந்த அம்மாவிடம் கைப்பேசியைக் காட்டி, நல்ல நேரத்தில் என்று வாழ்த்தியிருக்கிறார்கள் அம்மா, நம் ஓரைதான் அது என்றேன். அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைச் சற்று நேரம் பார்த்தார்.

“எந்த ஓரை என்று போட்டிருக்கிறார்களா?” என்று கேட்டார்.